நூறு விழுக்காடு

குளுகோரில் பத்து நாளாக மழை இல்லாத புதன்கிழமை.
மொழிபெயர்ப்புக் கூடத்தில் இருபத்திரண்டு கணினி,
பத்தொன்பது வேலை செய்கின்றன.
கெட்ட மூன்றுக்கும் சேர்த்துக் குளிர்கிறது ஏர்கோன்.

இடப்பக்கம் மலாய், வலப்பக்கம் தமிழ், நடுவே ஒரு கோடு.
சௌராஸ்தா சந்தை மீன்போல
வாக்கியங்களைக் கூறு போட்டு வைக்கிறது மென்பொருள்.

"பழைய மொழிபெயர்ப்பு இருந்தால் தானே எடுத்துத் தரும்.
மஞ்சள், ஓரளவு ஒத்தது, பார்த்துத் திருத்துங்கள்.
பச்சை என்றால் நூறு விழுக்காடு. தொடாதீர்கள்.
பச்சைக்கு எந்த நிறுவனமும் காசு தருவதில்லை."
பதினோராம் ஆண்டாகச் சொல்கிறேன்.
சிரிக்க வேண்டிய இடத்தில் இம்முறையும் சிரித்தார்கள்.

பயிற்சிக்கு நேற்று வந்த தண்ணீர் வெட்டு அறிவிப்பையே எடுத்தேன்.

மூன்றாம் வரிசையில் துர்காஷினி கையைத் தூக்கினாள்.
"டாக்டர், தண்ணி ஆபீசுக்கு மட்டுந்தான் இல்லையா?"

ஏழாம் கூறு. பச்சை.
'நான்கு நாளைக்கு எங்களுக்குத் தண்ணீர் இருக்காது.'

மலாய்ப் பக்கத்தில் இருப்பது கித்தா.
தமிழில் எழுதினால் ரப்பர் என்று படிப்பீர்கள், அதுவல்ல.
எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல்.
காமி என்றால் அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும்.
ஆங்கிலத்துக்கு இந்தக் கதவே கிடையாது.
அவர்களிடம் உண்டு, நம்மிடம் உண்டு,
ஒரே அளவு, ஒரே கீல்.

பாயா தெருபோங்கில் பதினான்காம் மாடி அவள் வீடு.
மூன்று வாளி, குழந்தை குளிக்கும் தொட்டி,
பிஸ்கட் டின்னில்கூடப் பிடித்து வைத்துவிட்டு
பஸ் ஏறியிருக்கிறாள்.

"யாரு டாக்டர் இப்படிச் செஞ்சது?" என்றான் ரூபேந்திரன்.
கூறின்மேல் அம்பை வைத்தால் தெரியும்.
அதையும் போன வாரம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ந. குணசுந்தரி. 2011 மார்ச் 9. இரவு 11.52.

சொல்லுக்குப் பன்னிரண்டு காசு.
காலை எட்டுக்குள் கொடுக்க வேண்டியிருந்தது.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம்.
இல்லை, தூக்கம்தான்.
எத்தனை தூணில், எத்தனை லிஃப்ட் வாசலில்
அந்த 'எங்களுக்கு' ஒட்டப்பட்டதோ.
பிழை என்று ஒருவரும் எழுதிப் போடவில்லை.
படித்தவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

வகுப்பு திரையிலிருந்த பெயரைப் பார்த்தது.
பிறகு என்னைப் பார்த்தது.

துர்காஷினி 'நமக்கு' என்று அடித்தாள்.
மென்பொருள் கேட்டது:
பழையதை அழிக்கவா, இரண்டையும் வைத்திருக்கவா?
மவுஸைப் பிடித்தபடி அவள் என் பக்கம் திரும்பினாள்.

மணி அடித்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.
பல்கலைக்கழகத்தில் மணி ஏது.