ஆழம், மீட்டரில்

படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
கிணற்றின் எண், ஆழம், நிறம், மணம்,
கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்.
வேதாளையில் இன்று ஒன்பது கிணறு பார்த்துவிட்டேன்.
பள்ளிவாசல் தெருவில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
பஸ் ஸ்டாப் அடிபம்பு மூவாயிரத்துக்கும் மேல்,
அடித்த கையெல்லாம் துரு.

பயிற்சி வகுப்பில் ஒரு கணக்குச் சொன்னார்கள்.
உலகத்துத் தண்ணீரை ஆயிரம் குடத்தில் மொண்டு வை.
தொள்ளாயிரத்து எழுபத்தைந்து உப்பு.
மிச்சத்தில் பதினேழு பனிக்கட்டி,
யாரும் குடம் தூக்கிப் போகாத இடத்தில்.
ஏழெட்டு மண்ணுக்கடியில்.
ஆறு, ஏரி, நம்ம கண்மாய்
எல்லாம் சேர்த்து ஒரு செம்பு.
லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய் என்பது
அந்தக் கணக்கில் இல்லை.

மத்தியானம் கடற்கரைக்குப் போனேன்.
தள்ளுவண்டியில் ஆறு பிளாஸ்டிக் குடம்.
அலைக்கு முப்பதடி இந்தப்பக்கம்,
அடம்புக்கொடி தொடங்கும் இடத்தில்
இரண்டு பெண்கள் மணலைப் பறித்துக்கொண்டிருந்தார்கள்,
நாய் பறிப்பதைப் போல, கையால்.
பெயர் கேட்டு எழுதினேன்.
ஒருத்தி மோட்சராக்கினி.
இன்னொருத்தி சீனி பாத்திமா,
வீட்டுக் கிணறு இரண்டாயிரத்து அறுநூறு.
அவளே சிரித்தாள்: "பேர்லயாவது இருக்கட்டும் சார்."

குழியில் தண்ணீர் கசிந்தது.
கருவியை நனைத்தேன்.
முந்நூற்று நாற்பது.
நம்பாமல் துடைத்து மறுபடி நனைத்தேன்.
முந்நூற்று நாற்பதேதான்.

"முழங்கைக்குக் கீழ போனீகன்னா
கடல் முழிச்சுக்கிரும்" என்றாள் மோட்சராக்கினி.

பாடப்புத்தகத்தில் இதற்குப் படம் உண்டு.
பெய்த மழை மணலில் இறங்கி
உப்புத் தண்ணீரின் முதுகில் படுத்திருக்கிறது.
இரண்டுக்கும் எடை வித்தியாசம்
லிட்டருக்கு இருபத்தைந்து கிராம்,
இரண்டு சின்ன வெங்காயத்தின் கனம்.
அந்தக் கனத்தில்தான் மிதக்கிறது எல்லாம்.
கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால்
கீழே நாற்பதடி.
மேலே ஓரடியை உறிஞ்சிவிட்டால்
கீழிருந்து நாற்பதடி ஏறி வரும் கடல்.

போன சித்திரையில் தோப்புக்காரர்
ஐந்து குதிரைசக்தி மோட்டார் இறக்கினாராம்.
பதினெட்டாம் நாள் குழாயில் உப்பு.
மோட்டாரை விற்றுவிட்டார்.
உப்பு அங்கேயே இருக்கிறது.

கருவி கழுவ ஒரு பாட்டில் வைத்திருப்பேன்,
வடித்த தண்ணீர், அளந்தால் பூஜ்யம்.
"அது என்ன சார், அம்புட்டுப் பத்திரமா?"
"இதைவிடச் சுத்தமான தண்ணி எங்கயும் கிடையாது"
என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
சீனி பாத்திமா உள்ளங்கையில் வாங்கி
நாக்கில் உருட்டிப் பார்த்துத் துப்பினாள்.
"இதுல ஒண்ணுமே இல்லையே."

ஒன்றும் இல்லைதான்.
கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு சிட்டிகை உப்பு,
எந்த மண்ணையோ கடந்து வந்த தடம்.
ஐந்நூறுக்குக் கீழே இருந்தால் குடி
என்கிறது எங்கள் அட்டவணை.
எதற்கு மேலே என்று அதில் போடவில்லை.

கிணற்றின் எண்: இல்லை.
சாயங்காலம் காற்று திரும்பினால் மணல் மூடிவிடும்,
நாளை இரண்டடி தள்ளிப் பறிப்பார்கள்.
ஆழம், மீட்டரில்:
முழங்கை என்று எழுதி அடித்தேன்,
அடித்ததன் மேல் மறுபடி எழுதினேன்.
அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள்.

நாலு குடம் நிரம்பியிருந்தது.
ஐந்தாவதுக்குக் குழி ஊறக் காத்திருந்தார்கள்,
அவசரமில்லாமல், யாருடைய மருமகளையோ பற்றிப் பேசிக்கொண்டு.
நானும் குத்தவைத்து உட்கார்ந்தேன்.
சிரட்டை என் கைக்கு வந்தது.
மொள்ளத் தெரியாமல் அடியைச் சுரண்டியதில்
தண்ணீர் கலங்கியது.

"மேலாக, சார்" என்றார்கள் இருவரும்.
"மேலாக."