கொம்புக்கு ஒரு பவுண்டு

நெப்ராஸ்கா. விடிந்தால் மாட்டுக் கண்காட்சி.
சோப்பு நுரை காய்வதற்குள்
முதுகு ரோமத்தில் அலையலையாய் வரி இழுக்கிறாள் தெல்மா,
பல் இரண்டு போன இரும்புச் சீப்பால்.

எட்டு மாதம் கொம்பு நுனிகளில் தொங்கிய
ஈயக் குண்டுகளை
ஆல்வின் திருகிக் கழற்றுகிறான்.
வளைந்துவிட்டன,
நடுவர்களுக்குப் பிடித்த மாதிரி, கன்னம் நோக்கி.

காளைக்குத்தான் கணக்குப் பிடிபடவில்லை.
பழைய பாரமென்று நினைத்துத் தலையைத் தூக்க
அது வெறுமனே எகிறுகிறது.
லாந்தர் கண்ணாடி சிதறி
கொட்டகை இருண்டது.

இருட்டில் இருவரும் சிரிக்கிறார்கள்.
வங்கிக் கடிதம் வந்த பிறகு
இன்றைக்குத்தான்.

மறுநாள் மூன்றாம் பரிசு.
வெள்ளை ரிப்பனைக் காற்று பிடுங்கப் பார்க்கிறது.
தெல்மா அதன்மேல் ஒரு குண்டை வைக்கிறாள்.

மற்றது ஆல்வினின் கோட்டுப் பையில்.
ஏன் என்று
அவள் கேட்கவில்லை.