எல்லைப் பலா

போன கார்த்திகையில் பறந்த ஓடு
இன்னும் வந்து சேரவில்லை.
அதற்குள் அடுத்தது வருகிறதாம்.

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் ரோட்டில்
மண் சரிந்த வளைவைத் தாண்டி
பஸ் இப்போதும் வருவதில்லை.
இறங்கி, சேறு மிதித்து,
அந்தப் பக்கம் நிற்கும் ஜீப்பில் ஏற வேண்டும்.
காற்றுக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது.
நாகப்பட்டினத்தில் கரையேறி
நேரே பண்ணைக்காட்டுக்கு வந்துவிடுமாம்,
மாமன் வீட்டுக்கு வருகிற மாதிரி.
நான் கடலைப் பார்த்தது ஒரே தடவை,
வேளாங்கண்ணியில்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
அதற்குள் அது என் விலாசத்தை வாங்கிக்கொண்டதா?

இந்தத் தடவையும் பெயர் அழகாய்த்தான் இருக்கிறது.
ரூபிணி நோட்டில் எழுதிப் பார்த்தாள்.
றகரமா ரகரமா என்று கேட்டாள்.
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிவாரணத்தில் வந்த நீலத் தார்ப்பாய்,
ஆணி அடித்த இடமெல்லாம் கிழிசல்.
அதன் மேல் தகரம்,
தகரத்தின் மேல் கல்,
கல்லின் மேல் ஒன்றுமில்லை.

மைக் கட்டிய ஜீப் வந்து
எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னது.
பள்ளிக்கூடத்துக்கே பாதிக் கூரைதான்.
மீதிப் பாதிக்கு யார் யார் என்று
அது சொல்லவில்லை.

காப்பிக்கு நிழல் வேண்டுமென்று
கடன் வாங்கி வைத்த சில்வர் ஓக் கன்றுகள்
முழங்காலுக்குக்கூட எட்டவில்லை.
நடாதது முன்னூறு பை.
கட்டிலுக்கடியில், அடுப்போரத்தில்,
டிவி இருந்த பலகையில்
உள்ளே கொண்டுவந்து அடுக்கினோம்.
"நாம எங்கம்மா படுக்கிறது?"
"உக்காந்துக்குவோம்."
நட்டவற்றை என்ன செய்வது?
நட்டாயிற்று.

பலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
எனக்கும் தங்கமாயனுக்கும் நடுவில் நின்றது.
நின்றவரை இரு வீட்டிலும் சுளை மணத்தது,
ஒருவரும் எண்ணவில்லை.
போன புயலில் விழுந்தது.
வேர் என் பக்கம், தலை அவன் பக்கம்.
தச்சர் வந்து விரலால் தட்டிப் பார்த்து
ஒரு விலை சொல்லிவிட்டுப் போனார்.
அன்றோடு பேச்சு நின்றது.
நஷ்ட ஈட்டுக்கு
அதன் அருகில் நின்று நானும் போட்டோ எடுத்தேன்,
அவனும் எடுத்தான்.
ஒரே மரம், இரண்டு மனு.
சர்வேயர் வந்து அளக்கிறவரை
யாரும் அரிவாள் வைக்கக் கூடாது என்று உத்தரவு.
சர்வேயர் ரோடு சரியாகட்டும் என்கிறார்.
பாதி வேர் மண்ணில் இருந்ததால்
ஆடியில் அது தளிர்கூட விட்டது.
யார் பக்கம் என்று பார்க்க
வெட்கமில்லாமல் ஓடினேன்.

நாலு மணி.
ஓர் இலை அசையவில்லை.
காட்டெருமை ஒன்று பட்டப்பகலில்
ரேஷன் கடைச் சுவரை ஒட்டி நின்றது.
யாரும் விரட்டவில்லை.

தங்கமாயன் வந்தான்.
தோளில் குதிரைக்குப் பொதி கட்டும் வடம்.
என்னைக் கேட்காமல்
என் வீட்டு உத்தரத்தில் ஒரு நுனியைச் சுற்றி
மரத்துக்கு இழுத்துப் போனான்.
அவன் வீட்டுக் கயிறு ஏற்கெனவே
அதன் கழுத்தில் இறுகிக் கிடந்தது.
நிற்கிற மரத்தை நம்பிப்
போன வருஷம் கட்டியவர்கள்
மரத்தோடு வீட்டையும் கொடுத்தார்கள்.
"இது இனி விழாது"
என்றான்.
பதினோரு மாதத்தில் முதல் வார்த்தை.

"முடிச்சு அவிழுமா?"
"இழுக்க இழுக்க இறுகும்.
அவிழ்க்கணும்னா இந்த வாலைச் சுண்டு."
"கேஸு?"
அவன் வானத்தைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
அதில் எழுதியிருக்கவில்லை.

இப்போது கரண்ட் இல்லை.
மகள் கன்றுகளுக்கு நடுவில்
ஒரு பையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள்.
தகரம் ஒருமுறை மூச்சு இழுத்தது.
கல் உருளும் சத்தம்.
உத்தரத்தில் கயிறு விறைத்து,
தளர்ந்து, மறுபடி விறைக்கிறது.
காற்றாக இருக்கலாம்.
அந்தப் பக்கம் அவன்
இழுத்துப் பார்ப்பதாகவும் இருக்கலாம்.
எழுந்து இருட்டில் துழாவி
நானும் ஒரு தடவை இழுத்தேன்.