பற்று வரவு

நாடு பிறந்த மே மாதம்
எனுகு நகர வங்கியில் மூன்றாம் சாளரம் என்னுடையது.
என் பெயர் நுவாகேகோ.
பணத்தைவிடப் பிள்ளை பெரிது என்று பொருள்.
காசாளருக்கு இப்படியொரு பெயரா என்று
மேலாளர் இரோபி மாதம் ஒருமுறையாவது சிரிப்பார்.

அன்று தெருவெல்லாம் ஆட்டம்.
நான் உள்ளே நைஜீரியப் பவுண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கொடி மாறிவிட்டது, காசு மாறவில்லை,
பாகம் பிரிந்து வந்த பிறகும்
பழைய வீட்டுச் சாவி மடியில் கிடப்பதுபோல.

அக்டோபரில் தலைநகர் விழுந்தது.
வானொலி அப்படிச் சொல்லவில்லை,
இடம் பெயர்ந்தது என்றது.
நாங்களும் பெயர்ந்தோம்.
லாரியில் இரும்புப் பெட்டி,
பெட்டியின்மேல் நான்,
என்மேல் மழை.
உமுவாகியாவில் ஒரு பள்ளிக்கூடம் வங்கியானது.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட
ஏழாம் வாய்ப்பாடு.
அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

புது வருடத்தில்
அவர்கள் பழைய நோட்டுகளைச் செல்லாது என்றார்கள்.
எங்கள் நோட்டு அவசரமாய் வந்தது.
ஒரு பனைமரம், பின்னால் தலை நீட்டும் சூரியன்.
உதிக்கிறதா, அடைகிறதா என்று கேட்டான் ஓசோண்டு.
உதிக்கிறது என்றேன்.
சம்பளத்துக்குச் சொல்லவேண்டிய பதில்.

அவன் பதினெட்டாம் படைப்பிரிவு. வயதும் அதே.
முனையிலிருந்து வரும்போதெல்லாம் ஐந்து ஷில்லிங் போடுவான்.
'சைக்கிளுக்கு' என்று எழுதச் சொல்வான்.
காரணம் எழுத விதியில்லை தம்பி.
'எழுதுங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன்.'
எழுதினேன்.

சைக்கிள் முதலில் ஒரு சக்கரமாயிற்று,
பிறகு ஒரு மணி,
பிறகு ஒரு கிண்ணம் உப்பு.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
உப்பில்லாத நாட்டை எங்கே போடுவது?
உலியில் இரவு விமானங்கள் இறங்கின,
விளக்கு எரிவது இருமி முடிக்கும் நேரம்தான்.
கருவாட்டு மூட்டைகளோடு நோட்டுக் கட்டுகள்.
வடதேசத்துக் கருவாடு, அதிலும் உப்பில்லை.
எண்ணி எண்ணி என் விரலெல்லாம் மீன் வாடை.

வங்கி வாசலில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.
தலைமுடி சோளக் குஞ்சத்தின் நிறம்.
வயிறு மட்டும் செல்வந்தர் வயிறு.
பணத்தைவிடப் பிள்ளை பெரிது.
என் பையில்
பணம்தான் இருந்தது.

கிளைகளின் பட்டியலில் வாரம் ஓர் ஊரை அடித்தேன்.
ஒருநாள் இரவு இரோபியும் விமானம் ஏறினார்.
போகுமுன் என் தோளைத் தொட்டு
'ஐந்தொகை தப்பக் கூடாது' என்றார்.
தப்பவில்லை ஐயா.
கடைசிக் காசுவரை சரியாக இருந்தது.
நாடுதான் குறைந்தது.

முப்பது மாதம் கூட நிரம்பாமல் எல்லாம் முடிந்தது.
எவ்வளவு போட்டிருந்தாலும்
தலைக்கு இருபது பவுண்டு என்றார்கள்.
வரிசையில் நின்றேன், சாளரத்தின் மறுபக்கம்.
உள்ளே லாகோஸ் பையன்.
நல்லவன்தான், கையெழுத்துப் போடப் பேனா கொடுத்தான்.
திரும்பக் கேட்டும் வாங்கிக்கொண்டான்.

முதலில் உப்பு வாங்கினேன்.
நடுத்தெருவில் நின்று
ஒரு கல்லை நாக்கில் வைத்தேன்.
அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது,
இரண்டும் ஒரே ருசி.

பேரேடு என்னிடமே இருக்கிறது. கேட்க ஆளில்லை.
ஓசோண்டு என்றால் உயிருக்கு ஓடும் ஓட்டம்.
அவன் பக்கத்தில் வரவு ஒன்பது,
பற்று ஒன்றுமில்லை.
கடைசி வரி என் கையெழுத்து: சைக்கிளுக்கு.
மாதக் கடைசியில் திறந்து வைத்துக்கொள்கிறேன்.
தெருவில் மணிச்சத்தம் கேட்டால் நிமிர்கிறேன்.
பால்காரன், தபால்காரன்,
ஒருமுறை வெறும் ஆடு.

நேற்றுக் கடலைக்காரி வந்தாள்.
பொட்டலம் மடிக்கக் காகிதம் இருக்கிறதா,
ராத்தலுக்கு நாலு பென்னி தருவதாகச் சொன்னாள்.
தையலைப் பிரித்துப்
பாதிப் புத்தகத்தைக் கொடுத்தேன்.

எழுதாத பாதியை.