மூன்றாம் காலாண்டு அறிக்கை

படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
பயனடைந்த பிள்ளைகள் எத்தனை பேர்?
நாற்பத்து மூன்று என்று எழுதி,
அடித்து, நாற்பத்து இரண்டாக்கினேன்.
டிலுக்‌ஷி போன வாரம் கொழும்புக்குப் போய்விட்டாள்,
துணிக்கடை வேலைக்கு,
பதினைந்து வயதைப் பதினெட்டு என்று சொல்லி.
அவளுக்கு வாங்கிய சப்பாத்து
பெட்டி பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது.
அளவு ஐந்து. ரசீது இணைப்பில்.

நிதியம் நல்ல நிதியம். குறை சொல்லவில்லை.
எந்த ஊரிலோ எவரோ
செத்துப்போன மகன் பெயரில் எழுதிவைத்த காசு.
அந்தக் காசில்தான்
கொழுந்து மடுவத்துக்குப் பின்னால்
ராத்திரி எட்டு மணிவரை ஒரு பல்பு எரிகிறது.
பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாக இல்லாத
கணக்கு மாஸ்டர்
மஸ்கெலியாவிலிருந்து நனைந்துகொண்டே வருகிறார்.
பின்னங்களைப் பிள்ளைகள்
ரொட்டியைப் பிய்த்துப் படிக்கிறார்கள்.
ரொட்டிக்கு ரசீது இல்லை.

பத்தாம் கட்டத்தில்தான் பேனா நிற்கிறது:
சமூகத்துக்காகப் பரிந்துபேசல்,
நூற்றுக்குப் பதினைந்து வீதம். விவரிக்கவும்.

இந்தச் சொல்லை முதல் கூட்டத்தில் வாசித்தபோது
யோகராணி கேட்டாள்,
"பரிஞ்சு பேச வெளியாள் வருமா,
நாங்களே பேசிக்கலாமா?"
பேசலாம், பஸ் காசு தரலாம் என்றேன்.
"அப்ப சரி" என்று
கூடைக் கயிற்றை நெற்றியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

கிருஷாந்தனின் கடிதம் வந்தது அதற்குப் பிறகு.
வந்தது என்றா சொல்வது?
உதவிப்பணத்துக்கான நேர்முகம், பன்னிரண்டாம் திகதி.
கடிதம் தோட்டத்து ஆபீசில்
பத்தொன்பது நாள் படுத்துக் கிடந்து
பதினாறாம் திகதி கைக்குக் கிடைத்தது.
கல்லாத்துத் தோட்டம், கீழ்க்கணக்கு.
அறுபத்து நான்கு வீட்டுக்கும் அது ஒன்றுதான் முகவரி.
கொழுந்தை மட்டும் ஆளாளுக்குத் தனியாக நிறுப்பார்கள்.

ஏழு பெண்கள் போனார்கள் பிரதேச செயலகத்துக்கு.
ஏழு பேருக்கும் அன்றைய பேர் போனது.
இழந்த நாட்சம்பளம்
அனுமதிக்கப்பட்ட செலவு அல்ல:
பின்னிணைப்பு இரண்டு, சின்ன எழுத்தில்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
தலை நிமிராமல் கேட்டார்,
"முகவரி?"
"அதக் கேக்கத்தாங்க வந்தோம்" என்றாள் யோகராணி.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவர் நிமிர்ந்தார்.
மனு பதிவானது, இலக்கம் போட்டு.
மனுவுக்கு இலக்கம் கிடைக்க ஒரு நிமிடம் பிடித்தது.

இனி பதினொன்று:
நிதியத்தின் பெயர்ப்பலகைப் படம் ஒன்று இணைக்கவும்.
ஐயா, அல்லது அம்மா,
இதை வாசிப்பவர் யாரோ தெரியாது,
பலகை எழுதப்படவில்லை.
அதற்கென்று வாங்கிய நீலப் பெயின்டை
ஒரு ஞாயிறு பின்னேரம்
பிள்ளைகள் எடுத்துக்கொண்டுபோய்
லயத்துக் கதவுகளில் இலக்கம் எழுதிவிட்டார்கள்.
ஒன்றிலிருந்து அறுபத்து நான்கு வரை.
இருபத்தேழில் ஏழு கொஞ்சம் வழிந்திருக்கிறது, மழை.
நாற்பதாம் வீட்டுக் கிழவர்
தன் கதவுக்கு இரண்டு தரம் பூசச் சொன்னாராம்.
நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா?
பெயின்ட் விலையைத் திருப்பிக் கேட்டால்
என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.
படம் இணைத்திருக்கிறேன். உங்கள் பெயர் அதில் இல்லை.

இதர செலவு: முத்திரை ஒன்று, ஐம்பது ரூபா.
டிலுக்‌ஷியின் அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டேன்,
மஸ்கெலியா தபால் கந்தோரில், என் கையால்:
இலக்கம் ஒன்பது,
கீழ்க்கணக்கு, கல்லாத்துத் தோட்டம்.
நடந்து போனால் அந்த வீடு
எனக்கு இருபது நிமிடம்.
சப்பாத்து பத்திரமாக இருக்கிறது,
பெயரையும் முழுதாக வெட்டவில்லை என்று எழுதியிருந்தேன்.

இன்றைக்குப் பதினோரு நாள்.
தபால்காரர் இன்னும் அந்த ஏற்றம் ஏறவில்லை.
அடுத்த காலாண்டில் தெரிவிக்கிறேன்.