கேட்டது: ஐந்து

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
கண்டது. கேட்டது.

இரவு ஷிஃப்ட் முடிந்து
கையுறைத் தொழிற்சாலை பஸ்
பத்தாங் பெர்ஜுந்தை சந்தியில் என்னை இறக்கும்போது
மணி ஆறே கால், விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
ஊருக்கு இப்போது வேறு பெயர்.
டிரைவர் வாயில் அது நுழைவதில்லை.

தாமானுக்குப் பின்னால் பழைய ஈயக்குட்டை.
லோரி மண் கொட்டியது போக
முக்கால் குட்டை.
தொலைநோக்கி யாரோ விற்றது,
இடது கண்ணில் பூஞ்சை பிடித்திருக்கிறது.

வெளிச்சம் வந்ததும்
செந்நாரை இரண்டு.
முக்குளிப்பான் ஏழு, மூழ்கியிருப்பவை நீங்கலாக.
கொக்கு பதினெட்டு.
இல்லை, ஒன்று அரிசிப் பை.
அடித்துவிட்டுப் பதினேழு.
கம்பியில் தகைவிலான்: 'பல'.
ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்,
எண்ணூறைத் தாண்டியதும்
கம்பியே பறக்கத் தொடங்கிவிட்டது.

கானாங்கோழியை மட்டும் இருட்டிலேயே
காதால் எண்ணிவிட வேண்டும்.
இத்தனை வெள்ளை மார்பை வைத்துக்கொண்டு
கோரையை விட்டு வெளியே வராது.
கூட எண்ண வரும் நூர்ஹயாத்திக்கு அது ருவாக்-ருவாக்.
கேட் காவலர் மொஸ்தாஃபிஸுக்கு டாஹுக்.
வீட்டுக் குளத்தில் உண்டு என்று
உடைந்த மலாயில் சொல்லி
இரண்டு விரல் காட்டினார்.

அக்டோபர், ஐந்து.
நவம்பர், ஐந்து. மழையிலும் ஐந்து.
ஐந்தாவது எப்போதும் கேட் பக்கம்,
சாக்கடை ஓரம்,
சளி பிடித்த மாதிரி ஒரு குரல்.
குறிப்பில் எழுதினேன்:
'தனி ஆண். இணை இல்லை.'

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை
ஜிப் போகாத பையைக் கயிற்றால் கட்டி
வேனுக்குள் தள்ளிவிட்டு,
ஏறும் முன் மொஸ்தாஃபிஸ்
குட்டையைப் பார்த்து இரு கையையும் குவித்தார்.
உவாக். உவாக்.
அதே சளி.
கோரைக்குள்ளிருந்து
நாலும் பதில் சொல்லின.

மார்ச், நான்கு.

கோலாலம்பூரிலிருந்து போன்.
கணக்கெடுப்புக்குப் பொறுப்பான ஸ்டீவன் லோ.
ஒன்று ஏன் குறைந்தது?
நாயா, கண்ணியா, மண் லோரியா?

பெர்மிட் முடிந்துவிட்டது என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
விளக்கிச் சொன்னதும் சிரித்தார்.
அப்புறம், நல்ல மனுஷர்தான்,
பழைய தாள்களையும் திருத்தி
அனுப்பிவிடுங்கள் என்றார்.

புதுக் காவலர் முகத்தில் போன் வெளிச்சம்.
கார் வந்தால் தலை நிமிரும், தடுப்பு உயரும்.
தாள்கள் என் பையில்தான் இருக்கின்றன,
டிஃபன் டப்பாவுக்கு அடியில்,
ஓரத்தில் சாம்பார் கறையோடு.

திருத்தவில்லை.
கேட்டதுதானே.