வாங்காத பெட்டிகள்

காற்று எழும் நாட்களில் புந்தா அரேனாஸில்
நகராட்சி ஆட்கள் வந்து
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு கடக்கலாம்.
பிடிக்காமல் கடப்பவர்களும் உண்டு.
என் வேலை தொலைபேசியில்.

எதெல்மிரா பார்ரியா, வயது ஐம்பத்தாறு.
இடது மார்பு.
அறுவை முடிந்தது, கதிர் முடிந்தது.
மிச்சம், நாளுக்கொரு மாத்திரை, ஐந்து வருடம்.
இது பதினான்காம் மாதம்.
ஜூலையிலிருந்து மூன்று பெட்டி வாங்கியிருக்க வேண்டும்.
மருந்தக ஏட்டில் ஒன்றுதான் விழுந்திருக்கிறது.

"தவறாமல் போடுகிறேன், யஸ்னா."
அவள் பின்னால் கெட்டில் சீறுகிறது.
ஏட்டை மூடிவிட்டுக் கேட்டேன்:
போடுவதில் எது கஷ்டம்?

வெகுநேரம் கெட்டில் மட்டும் பேசியது.

பிறகு விரல்கள் வந்தன.
நண்டுத் தொழிற்சாலை, காலை ஷிப்ட்,
ஓட்டைக் கத்தரித்துச் சதை உருவும் வேலை.
விடியும்போது முஷ்டி திறப்பதில்லை.
வெந்நீரில் முக்கி ஒவ்வொரு விரலாக
நிமிர்த்த வேண்டியிருக்கிறது.
பக்கத்து மேசைக்காரி இரண்டு கூடை முந்திவிடுகிறாள்.
இரவில் உடம்பு கொதிக்கிறது;
அக்டோபர் குளிரில் ஜன்னலைத் திறந்துபோட்டு நிற்கிறாள்,
இரண்டு கம்பளிக்குள்ளிருந்து
கணவன் திட்டுகிறான்.

எல்லாம் எனக்குத் தெரிந்தவை,
என் கையிலுள்ள அட்டையில் அச்சானவை.
வலிக்கு இது, வியர்வைக்கு இது,
தாங்காவிட்டால் வேறு மாத்திரை கேட்கலாம் என
பதில்கள் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றன.

அதற்குள் அவள் சொன்னாள்:
"மாத்திரை போடாத நாளில்
நான் நோயாளி இல்லை."

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளை.

போன வருடம் இதே இடத்தில்
இன்னொருத்தியிடம் விழுக்காடு சொன்னேன்.
சரியான எண்கள்தான்.
அதன் பிறகு அவள் என் அழைப்பை எடுக்கவேயில்லை.

"போடாத அந்த நாளில் என்ன செய்தாய்?"
சிரித்தாள்.
ரொட்டி சுட்டாளாம்.
மாவில் எவ்வளவு பன்றிக் கொழுப்பு,
அடுப்பை எப்போது தணிப்பது,
முதல் ரொட்டியை யார் தின்றது,
ஒன்றையும் விடவில்லை.
என் காப்பி ஆறிப்போனது.
கடைசியில், தானாகவே,
"திரும்ப வந்துவிடுமோ என்றும் பயம்தான்" என்றாள்.

முடிவானது இவ்வளவுதான்:
வியாழக்கிழமை டாக்டரிடம் விரல்களைக் காட்டுவது,
நான் பக்கத்தில் இருப்பது.
மாத்திரை இனி காலையில் வேண்டாம்.
இரவு, கப்பித்தான் என்கிற தெருநாய்க்கு
எலும்பு வைக்கும் நேரத்தில்.
"அது கதவைப் பிறாண்டும்,
மறக்க விடாது."

நவம்பரில் அவளே கூப்பிட்டாள்.
விரல் கொஞ்சம் தேவலையாம், கொஞ்சம்தான்.
"ரெண்டு நாள் விட்டுப்போச்சு.
பேய்க்காற்று, நாய் வரவில்லை."

திட்டுக்குக் காத்திருந்தாள்போல.
நான் சொன்னதற்கு நன்றி என்றேன்.
இரண்டு என்று எண்ணி வைத்திருக்கிறாளே.

ஏட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
செவ்வாய், பதினொரு மணி,
நாய் வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும்.